கியர் பாக்ஸ் ஆயில் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது

கேள்வி: அண்ணே, வணக்கம். பழைய பிக்கப் ஒன்று வாங்கி, குலசேகரம் பக்கத்தில் இருந்து வடசேரிக்கு ஏத்தன் வாழைக்குலை ஏற்றி ஓட்டுகிறேன். காலையில் எடுத்த உடனே இரண்டாவது கியர் விழ மாட்டேன் என்கிறது, அழுத்தித் தள்ளினால் கர்ரென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் ஆயில் குறைவு என்று சொல்லி, பின்னால் கிரவுனுக்கு (பின்சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டி) ஊற்றுகிற அதே கேனில் இருந்து ஊற்றினார்கள். கொஞ்ச நாளில் மறுபடியும் குறைந்துவிட்டது. இப்படி ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா, மொத்தமாக மாற்ற வேண்டுமா?
- வாசகர், திருவட்டாறு

பதில்: மொத்தமாக மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒழுகல் எங்கே என்று கண்டுபிடியுங்கள். எஞ்சின் ஆயில் ஓட ஓடக் கொஞ்சம் எரியும், கியர் பாக்ஸ் ஆயிலுக்கு எரிய வழியே இல்லை. குறைந்தால் ஒழுகுகிறது என்றுதான் பொருள். அடியில் போய்ப் பாருங்கள். ஆயில் வடிக்கும் கீழ் போல்ட்டின் வாஷர், பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்து ஆயில் சீல், கியர் லிவர் உட்காரும் மூடி, எஞ்சினும் பாக்ஸும் சேரும் இடம், இவைதான் வழக்கமாகக் கசியும் இடங்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் கியர் ஆயில் சொட்டினால் தள்ளிப்போடாதீர்கள், முன்பக்க சீல் போய்விட்டது, அந்த ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் ஏற்றத்தில் லோடோடு கிளட்ச் வழுக்க ஆரம்பித்துவிடும். சீலுக்கு ஆகிற செலவோடு கிளட்ச் செலவும் சேரும்.

அடுத்தது, அந்த ஒரே கேன் விஷயம். கேனில் 80டபிள்யூ-90 என்று இருப்பது எண்ணெயின் தடிமன் மட்டும்தான். அதன் கீழே ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 என்று ஆயிலின் தரவகை போட்டிருக்கும், பார்க்க வேண்டியது அதை. கிரவுனில் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்தோடு சறுக்கிக்கொண்டே சுற்றும், அதனால் அங்கே ஜிஎல்-5 வேண்டும். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கியர் பாக்ஸில் இருக்கும் சின்க்ரோ ரிங் பெரும்பாலும் பித்தளை. அது கியரின் கோன்மேல் உரசிப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்தினால்தான் கியர் சத்தமில்லாமல் விழும். ஜிஎல்-5 ஊற்றினால் பிடிப்பும் குறையலாம், நாளாக நாளாகப் பித்தளையையும் அரிக்கலாம். உங்கள் இரண்டாவது கியர் அடம்பிடிப்பதற்கு முதல் சந்தேகம் எனக்கு இதுதான். சில வண்டிகளுக்குக் கம்பெனியே வேறு ஆயில் சொல்லியிருக்கும், 75டபிள்யூ-80 கூட உண்டு. அதனால் வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள், கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான்” என்றால் கேட்காதீர்கள். எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். மலைப்பாதையில் தினமும் முழு லோடு ஏற்றுகிறவர்கள் அந்தக் கிலோமீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மாற்றும் முறை கஷ்டமில்லை. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்தால் அடியில் படிந்த அழுக்கும் சேர்ந்து வரும். ஆனால் முதலில் கழற்ற வேண்டியது பக்கவாட்டில் இருக்கும், ஆயில் ஊற்றுகிற மேல் போல்ட், கீழே உள்ளது இல்லை. கீழே திறந்து எல்லாவற்றையும் வடித்த பிறகு, மேல் போல்ட் துருப்பிடித்து அசையாமல் நின்றால் எந்த வழியாக ஊற்றுவீர்கள்? வண்டி நகராது. இது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது, மழையும் உப்புக்காற்றும் போல்டை விட்டுவைப்பதில்லை.

கீழ் போல்டின் முனையில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மெழுகுபோல நைஸான பொடி இருந்தால் பயப்பட வேண்டாம், அது சாதாரணத் தேய்மானம். கையில் குத்துகிற மாதிரி துண்டு வந்தால் பல் உடைந்திருக்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுமினுப்பு ஆயிலில் தெரிந்தால் சின்க்ரோ ரிங் தேய்கிறது. துடைத்து, வாஷரைப் புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.

ஊற்றும்போது நான்கு சக்கரமும் சமதளத்தில் இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்துக்கொண்டு ஊற்றினால் அளவு தப்பும், தவிர ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. குழி இருக்கிற ஒர்க்‌ஷாப்தான் நல்லது. கைப்பம்பால் மேல் துளை வழியாக ஊற்றிக்கொண்டே வாருங்கள், துளையின் கீழ் விளிம்பு வரை வந்து மெல்ல வழியத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள், அதுதான் அளவு. கூட அரை லிட்டர் இருக்கட்டும் என்று எப்படியாவது திணித்தால் ஆயில் நுரைத்துச் சூடாகி சீல் வழியாகவே வெளியே வரும்.

சரி, மாற்றிய பிறகும் இரண்டாவது மட்டும் அப்படியே இருந்தால் அந்த ரிங் தேய்ந்துவிட்டது, பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விடவில்லை, ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. நியூட்ரலில் கேட்கிற சத்தம் கிளட்சை மிதித்ததும் நின்றால், முன் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: துறைமுகத்தில் மீன் எடுக்கிற வண்டி. மழையில் ரோட்டில் தேங்கிய தண்ணீரில் இறங்கி வந்தது, சர்வீஸில் பார்த்தால் கியர் ஆயில் பால் சாயா நிறத்தில் இருக்கிறது. கொஞ்சம் புது ஆயில் சேர்த்தால் சரியாகுமா?
- வாசகர், குளச்சல்

பதில்: ஆகாது, உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான கியர் பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், மேலே உள்ள பிரீதர் (காற்றுத் துளை) வழியாகவோ பழைய சீல் வழியாகவோ தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், உப்புத்தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். அதனால் ஓட்டாமல் இப்போதே வடித்துவிடுங்கள். அதே வகையில் விலை குறைந்த புது ஆயிலை ஊற்றி, லோடு இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு நல்ல ஆயில் ஊற்றுங்கள். நிறம் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. மண்ணெண்ணெய், டீசல் விட்டுக் கழுவ வேண்டாம், மூலையில் தங்கி நிற்பது புது ஆயிலை நீர்க்கச் செய்யும்.

கிரவுனையும் கட்டாயம் திறந்து பாருங்கள், அங்கேயும் பிரீதர் உண்டு. அது சேற்றில் அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். முடிந்தால் இரண்டுக்கும் ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள். நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு, வருடத்தில் இரண்டு தடவை இந்தச் சோதனை வரும்.

கேள்வி: வீட்டிலேயே மாற்றுகிறேன். வடித்த ஆயிலை எங்கே ஊற்றுவது?
- வாசகர், தக்கலை

பதில்: குளத்திலும் சானலிலும் (பாசனக் கால்வாய்) தென்னை மூட்டிலும் வேண்டவே வேண்டாம், அந்தத் தண்ணீர்தான் வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, உங்கள் பக்கத்துப் பெரிய சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பயன்படுத்திய ஆயில் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது, அதை அனுமதி பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அந்தக் கேனில் பெட்ரோல், பிரேக் ஆயில், கூலன்ட் எதையும் கலக்காதீர்கள், கலந்தால் அதைச் சுத்திகரிப்பது சிரமம்.