ஆக்சிலரேட்டரை விடாமல் கியர் மாற்ற எந்த ரெவ் லிமிட்டர்?

டிராக் ரேஸில் (நேர்கோட்டில் குறுகிய தூரம் ஓடும் போட்டி) ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கியர் மாற்ற எந்த ரெவ் லிமிட்டரை, அதாவது இன்ஜின் சுழற்சி எல்லை மீறாமல் தடுக்கும் கருவியை, வாங்கலாம் என்கிறீர்கள். ஸ்பார்க்கை வெட்டும் வகையைப் பாருங்கள். சட்டென்று வெட்டும், சட்டென்று விடும். எரிபொருளை வெட்டும் வகை கொஞ்சம் மந்தம். ஸ்பார்க் வெட்டில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் வெடிக்கும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தால் அது போச்சு.

அதைவிட முக்கியம், கிளட்ச் மிதிபடுவதை உணரும் சுவிட்சுக்கு இணைப்பு இருக்கிறதா, புறப்படும் ஆர்பிஎம்மையும் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கியர் மாற்றும் ஆர்பிஎம்மையும் தனித்தனியாக வைக்க முடிகிறதா என்பதுதான். இரண்டுக்கும் ஒரே எல்லை என்றால், புறப்பட வைத்த 4000 ஆர்பிஎம், 7000-ல் கியர் மாற்றும்போதும் குறுக்கே வந்து இன்ஜினை அமுக்கிவிடும். சுவிட்சை கிளட்ச் விடுபடும் புள்ளியிலேயே இயங்கும்படி பொருத்துங்கள். பெடல் அடிவரை போனால்தான் வேலை செய்யும் என்றால், அதற்குள் ரெவ் எகிறியிருக்கும்.