பட்டாள ஜாக்கெட்: வாசகர் கேள்வி, தையற்காரர் பதில்

குன்னூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து வெலிங்டன் பட்டாளத்துக்காரர்களின் உடுப்பைத் தைத்தும் திருத்தியும் பழக்கம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்கள் விரும்பிப் போடும் மிலிட்டரி ஜாக்கெட்டுகளைப் பற்றித்தான்.

பாம்பர் ஜாக்கெட் ஒன்று வாங்கினேன். வெளியே பச்சை, உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு. நண்பர்கள் கேலி செய்கிறார்கள். லைனிங்கைக் கறுப்பாக மாற்ற முடியுமா?
– கல்லூரி மாணவர், கோவை

முடியும். ஆனால் மாற்றாதீர்கள் தம்பி. அந்த ஜாக்கெட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆரஞ்சுதான்.

நீங்கள் வாங்கியிருப்பது அமெரிக்க விமானப்படையின் எம்.ஏ.-1 ஜாக்கெட்டின் சாயல். 1950-களில் வந்தது. அதற்கு முன்பு விமானிகள் தோல் ஜாக்கெட் போட்டார்கள். ஜெட் விமானங்கள் வந்து இன்னும் உயரத்தில் பறக்க ஆரம்பித்ததும் தோல் சரிப்படவில்லை. கனம் அதிகம், ஈரம் ஏறினால் அந்த உயரத்துக் குளிரில் விறைத்துப்போகும். அதனால் நைலானுக்கு மாறினார்கள். இதற்கு முந்தைய பி-15 ஜாக்கெட்டில் ரோமக் காலர் இருந்தது. பாராசூட் வாருக்கு அது இடைஞ்சல். எம்.ஏ.-1-இல் அதை எடுத்துவிட்டுப் பின்னல் துணியில் காலர் வைத்தார்கள். இடது கையில் ஜிப் வைத்த சின்னப் பை இருக்கிறதா, பேனா செருக? உட்கார்ந்து பெல்ட் மாட்டியிருப்பவருக்கு எட்டுகிற இடம் அதுதான்.

ஆரஞ்சு லைனிங் சேர்ந்தது 1960 வாக்கில். விமானம் விழுந்து விமானி உயிர் தப்பினால், ஜாக்கெட்டை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்வார். தேடி வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஒளிய வேண்டுமானால் பச்சை, கண்ணில் பட வேண்டுமானால் ஆரஞ்சு. ராத்திரி நெடுஞ்சாலையில் உங்கள் பைக் நின்றுபோனால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். கேலி செய்யும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். இடுப்பிலும் மணிக்கட்டிலும் இருக்கும் பின்னல் பட்டையை இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். தொளதொளவென்று நின்றால் அந்தப் பட்டையை மாற்றுவதற்குக் காசு செலவழியுங்கள், லைனிங்குக்கு வேண்டாம்.

என் மகன் வாங்கிய ஜாக்கெட்டில் ரெஜிமெண்ட் பேட்ஜ், பதக்க ரிப்பன், கையில் மூன்று பட்டை எல்லாம் தைத்திருக்கிறது. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமனார் அதைப் பார்த்துச் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார். மகனோ ‘ஃபேஷன்தானே’ என்கிறான். யார் சொல்வது சரி?
– ஆசிரியை, வேலூர்

உங்கள் மாமனார் பக்கம்தான் நான், அம்மா.

நம் ராணுவத்தில் லான்ஸ் நாயக்குக்கு ஒரு பட்டை, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஹவில்தாராகப் பதவி உயர்வு வந்த ஒருவர் மூன்றாவது பட்டையோடு கடைக்கு வந்தார். அப்பா தைத்து முடிக்கும்வரை அவர் உட்காரவே இல்லை. மிஷின் பக்கத்திலேயே நின்று கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பட்டை தைப்பதற்கு மட்டும் அப்பா யாரிடமும் கூலி வாங்கியதில்லை. உங்கள் மாமனாரின் கண்ணுக்கு அந்த மூன்று பட்டை எத்தனை வருடமாகத் தெரிந்திருக்கும் என்று மகனிடம் கேளுங்கள்.

சட்டமும் இருக்கிறது. சிப்பாய் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சிப்பாயின் உடுப்பையோ அடையாளத்தையோ அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் மகனுக்கு அந்த எண்ணம் இல்லை, தெரியும். ஆனாலும் ரயில் நிலையத்தில் ஒருவர் நிறுத்திக் கேட்கும் நிலைமை எதற்கு? அதேபோல 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று முதலில் காட்டப்பட்ட புதிய புள்ளி டிசைன் போர் உடுப்பின் நகலையும் வாங்க வேண்டாம். அந்த டிசைனை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்திருக்கிறது.

ஜாக்கெட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. தையல் பிரிக்கும் ஊசியால் பட்டையையும் பேட்ஜையும் எடுத்துவிடுங்கள். ஊசித் துளை தெரிந்தால் ஈரத் துணியை மேலே போட்டு மிதமான சூட்டில் அயர்ன் செய்தால் பருத்தியில் பெரும்பாலும் மறைந்துவிடும். முடிந்தால் தாத்தாவை உட்கார வைத்து, பேரன் கையாலேயே பிரிக்கச் சொல்லுங்கள்.

என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். நான்கு பை வைத்த பச்சை ஃபீல்டு ஜாக்கெட் எனக்கு எடுக்குமா?
– வங்கி ஊழியர், ஓசூர்

எடுக்கும், அளவு சரியாக இருந்தால். அது 1965-இல் அமெரிக்கத் தரைப்படைக்கு வந்த எம்-65. உள்ளே பட்டன் போட்டு மாட்டும் தனி மெத்தை லைனிங்குக்கு இடம் விட்டு வெட்டியது, அதனால் லூசாகவே இருக்கும். நீங்கள் அந்த லைனிங் இல்லாமல் போடுவதானால் ஒரு சைஸ் குறைத்து வாங்குங்கள். தோள் தையல் உங்கள் தோள் முனையில் நிற்க வேண்டும். தோளைத் திருத்துவது பெரிய வேலை, கை நீளம் குறைப்பது சின்ன வேலை. இடுப்புக்குள்ளே ஒரு நாடா ஓடும். அதைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் கால் நீளமாகத் தெரியும். இறக்கத்தை மட்டும் வெட்டச் சொல்லாதீர்கள். கீழ்ப் பைகள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு பார்க்கச் சகிக்காது.

காலர் பின்னால் ஜிப்பைத் திறந்தால் உள்ளே மெல்லிய தொப்பி சுருட்டி வைத்திருக்கும். மலிவு நகல்களில் ஜிப் மட்டும் இருக்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. அதை வைத்தே தரத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பலர் 1971-இல் வாஷிங்டனில் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம் போனபோதும் ராணுவ உடுப்பைத்தான் போட்டிருந்தார்கள். சாதாரண மனிதர்கள் இதை ஆசையாகப் போட ஆரம்பித்ததில் அந்தக் காலத்துக்கும் பங்கு உண்டு.

சென்னை வெயிலுக்கு இதெல்லாம் ஆகுமா?
– திருவான்மியூர் வாசகர்

நைலான் வேண்டாம். லைனிங் இல்லாத பருத்தி டிரில் துணியில், இரண்டு மார்புப் பை வைத்த பட்டாளச் சட்டை மாதிரி தைத்துக்கொள்ளுங்கள். பனியன் மேல் பட்டன் திறந்து போடலாம். மார்கழி ராத்திரிக்கு அது போதும்.

பாம்பரை வாஷிங் மெஷினில் போடலாமா?
– வாசகர், சேலம்

ஜிப்பை மேலே வரை இழுத்து, உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் மெதுவான ஓட்டத்தில் போடுங்கள். பிழிந்து முறுக்காதீர்கள். நைலான் வெயிலில் வெளுக்கும், அதனால் நிழலில், ஹேங்கரில் போடாமல் கம்பியின் மேல் படுக்கப் போட்டுக் காய வையுங்கள். ஈரத்தோடு ஹேங்கரில் தொங்கவிட்டால் அந்தக் கனத்துக்குத் தோள் இறங்கிவிடும்.