ஸ்பீடு லாக்கை எடுத்தது யாருக்காக?

கேள்வி: எனக்கு 46 வயது. லைசென்ஸ் தேவைப்படாத எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வாங்கினோம். வாசலில் ஓட்டிப் பார்த்தபோது விருட்டென்று பாய்ந்து காம்பவுண்டில் இடித்துவிட்டேன். அதிலிருந்து தொடவே பயம். ஒன்பதாவது படிக்கும் மகன்தான் டியூஷனுக்கு எடுத்துப் போகிறான். மெதுவாகப் போகிறது என்று அவன் நச்சரித்ததால் மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்பீடு லாக்கை எடுத்துவிட்டோம். இப்போது 45 வரை போகிறது. என் பயத்தைப் போக்க வழி சொல்லுங்கள்.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் வீட்டில் அந்த வண்டிக்குப் பயப்படுகிற ஒரே ஆள் நீங்கள். அந்தப் பயம் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

லாக்கை எடுத்த விஷயத்தைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். லைசென்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம் என்ற சலுகை மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் வண்டிக்குத்தான். 45-இல் போனால் அது மோட்டார் வாகனம். உங்கள் வண்டிக்கு நம்பரும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. 2019-இல் திருத்திய சட்டப்படி, சிறுவன் ஓட்டி மாட்டினால் பெற்றவருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. அவனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. யார்மீதாவது இடித்தால் நஷ்டஈடு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

சட்டம் கிடக்கட்டும். வேகம் 25-லிருந்து 45 ஆனால் மோதலின் பலம் மூன்று மடங்கைத் தாண்டும். பிரேக் அதே பழைய பிரேக். பிள்ளை முகம் சுண்டக் கூடாது என்று பெற்றவர்கள் இருவரும் சேர்ந்து மெக்கானிக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்! முடியாது என்று ஒருவராவது சொல்லியிருக்க வேண்டாமா? பதினான்கு வயதில் பிள்ளை கேட்கத்தான் செய்வான். மறுப்பது உங்கள் வேலை. நாளைக்கே லாக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். டியூஷனுக்கு சைக்கிளில் போகட்டும்.

அதன்பிறகு நீங்கள் கற்றுக்கொள்ளலாம். பெட்ரோல் வண்டி உறுமிக் காட்டிவிட்டுக் கிளம்பும். இது சத்தமே இல்லாமல் நிற்கும், ஆக்ஸிலேட்டரைத் தொட்டதும் பாயும். சாவி ஆனில் இருக்க, வண்டியைத் தள்ளும்போது கைப்பிடி திரும்பிவிடுவதால்தான் பலரும் சுவரில் இடிக்கிறார்கள். அதனால் தள்ளும்போதும் இறங்கும்போதும் முதலில் சாவியை அணையுங்கள்.

காலையில் ஆளில்லாத பள்ளி மைதானத்துக்குப் போங்கள். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் போட்டு, பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். முந்தானையைச் செருகிவிடுங்கள். சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து. வண்டி பாயாமல் மெதுவாக ஓடும் ‘இகோ மோடு’ இருந்தால் அதில் வையுங்கள். முதல் நாள் இரண்டு காலும் தரையில் தேய, நடக்கிற வேகத்தில் போய், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துங்கள். அது கைக்கு வந்தபிறகு காலைத் தூக்கலாம். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். தெருவுக்கு வந்தால் ஹாரன் அடிக்கக் கூச்சப்படாதீர்கள், முன்னால் நடப்பவருக்கு நீங்கள் வருவது கேட்காது. பின்சீட்டில் இப்போதைக்கு யாரும் வேண்டாம், “நான் சொல்லித் தரேம்மா” என்று மகன் ஏறி உட்கார்ந்தாலும் இறக்கிவிடுங்கள்.