கருடனுக்கு எத்தனை மைனஸ்?

கேள்வி: காட்பாடியில் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் நண்பர்கள் நாலு பேருக்கு கேம் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி விதிகளைப் பார்த்துக்கொள்பவனாக, ஆட்டம் நடத்துகிறேன். விதிகள் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற, ஆளுக்கொரு பாத்திரமாகி டைஸ் உருட்டி ஆடும் கதை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு. இனங்கள் மட்டும் நாங்களே உருவாக்கியவை: மனிதர், நாகர், யட்சர், கருடர். கதை நடப்பது நம்ம வேலூர்க் கோட்டை மாதிரி ஓர் அகழிக் கோட்டையில். முதல் நாளே கருடன் அகழியைத் தாண்டிப் பறந்து மதில்மேல் உட்கார்ந்துவிட்டான். இப்போது எல்லோருக்கும் கருடன்தான் வேண்டும். மனிதனைச் சீண்ட ஆளில்லை. கருடனின் பலத்தில் மைனஸ் 2 போட்டேன், பயனில்லை. எத்தனை போட்டால் சரியாகும் சார்?

பதில்: எத்தனை போட்டாலும் சரியாகாது தம்பி.

நீங்கள் குறைத்த 2 புள்ளி, டைஸில் வெறும் 1 ஆகத்தான் இறங்கும். இருபது முக டைஸில் 1 என்பது 5 சதவீதம். ஒரு சாயங்காலத்தில் 20 தடவை உருட்டினால், சராசரியாக ஒரே ஒரு உருட்டல்தான் மாறும். அதுவும் அவன் வாளைத் தூக்கினால்தானே? மதில்மேல் உட்கார்ந்து வில்லை எடுத்துவிட்டால் பலம் கணக்கிலேயே வராது, சுறுசுறுப்புதான் கணக்கு. மைனஸ் 10 போட்டாலும் அகழி அவனுக்கு அகழி இல்லை. எண்கள் உருட்டலைக் கொஞ்சம் சாய்க்கும். பறப்பதோ உருட்ட வேண்டிய அவசியத்தையே எடுத்துவிடுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது.

ஒரு திறன் எவ்வளவு பெரியது என்று அளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதே திறன் ஆட்டத்தில் வேறெங்கே, எப்போது, என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்ப்பது. உங்கள் விதிப்புத்தகத்தில் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் 5-ஆம் லெவலில்தான் கிடைக்கும். அதிகபட்சம் 10 நிமிடம். நடுவில் அடி வாங்கிக் கவனம் சிதறினால் கீழே விழவும் வேண்டியதுதான். உங்கள் கருடனோ முதல் லெவலிலேயே நாள் முழுக்கப் பறக்கிறான். அந்த ஆட்டத்திலேயே ஆரகோக்ரா என்ற பறவை இனம் உண்டு. கனத்த கவசமும் நடுத்தரக் கவசமும் போட்டால் அது பறக்க முடியாது என்று 2015-இல் விதி வைத்தார்கள். வில்லாளி அதையெல்லாம் எங்கே மாட்டப் போகிறான்? வலிக்காத விலை.

வேறோர் இடத்தில், வேறொரு நாளில் விலை வாங்கும் தந்திரத்தையும் பழைய ஆட்டங்கள் முயன்று பார்த்துவிட்டன. 1981-இல் வந்த டி அண்ட் டி விதிகளில் எல்ஃப் என்ற மாய இனம் 10-ஆம் லெவலோடும், ஹாஃப்லிங் என்ற குள்ள இனம் 8-ஆம் லெவலோடும் நின்றுவிட வேண்டும். மனிதன் அதற்கு மேலும் போகலாம். பாலாற்றில் தண்ணி வந்ததும் தருகிறேன் என்று கடன் வாங்கின கதைதான். பெரும்பாலான ஆட்டங்கள் அந்த லெவலுக்குப் போவதற்குள் கலைந்துவிடும், எல்ஃப் ஓசியில் அனுபவித்தது லாபம். போய்ச் சேர்ந்துவிட்டாலோ 2021 வெள்ளம் மாதிரி ஒரேயடியாக வந்து ஆளை மூழ்கடிக்கும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த உச்சவரம்பைத் தூக்கிவிட்டது.

ஆக, விலையைச் சிறகிலேயே வையுங்கள். 5-ஆம் லெவல் வரை கருடன் ஆட்டத்தில் தன் முறை வரும்போது பறக்கலாம், அந்த முறை முடியும்போது காலை எங்காவது ஊன்ற வேண்டும், இல்லையென்றால் விழுவான். அகழியை ஒரே மூச்சில் தாண்ட முடியாத அகலமாக வையுங்கள். நண்பர்கள் படகை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் அவனுக்கு இறங்க இடம். அப்போதும் மதிலேறுவது அவன்தான், ஆனால் மற்றவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள். இனி கதை முழுக்க சுரங்கத்துக்குள்தான் என்று மட்டும் பழிவாங்காதீர்கள். உங்கள் நண்பர் பறக்க ஆசைப்பட்டுத்தான் கருடனை எடுத்தார்.

மனிதன் விஷயம் வேறு. பலம், சுறுசுறுப்பு, அறிவு என்று எல்லாத் திறனிலும் 1 கூட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 2014 விதிப்புத்தகம் செய்ததும் அதுதான். பார்க்கத் தாராளம், ஆடும்போது உப்புச் சப்பில்லை. நம்ம பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். ராஜா வேஷத்துக்குக் கிரீடமும் புஜக்கட்டையும் உண்டு. கட்டியக்காரனுக்கு அந்தக் கனம் எதுவும் கிடையாது. ஆனால் எந்தக் காட்சியிலும் நுழைவான், ராஜாவையே கிண்டல் பண்ணுவான், கூட்டம் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். மனிதனுக்கு அந்த இடத்தைக் கொடுங்கள். 2024 பதிப்பில் மனிதனுக்கு ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்குப் பிறகும் ஒரு டைஸை மறுபடி உருட்டும் வாய்ப்பு கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கும் தரலாம் என்று சேர்த்துவிடுங்கள். மேஜையே அவன் பக்கம் திரும்பும்.

நாகர், யட்சர் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒருமுறை நாகருக்கு விஷம் ஏறாது என்று பெருமையாக எழுதிவிட்டு, நாலு மாதம் ஒரு சொட்டு விஷத்தைக்கூடக் கதைக்குள் கொண்டுவராமல் ஓட்டினேன். நாகராக ஆடிய நண்பர் கடைசியில் தானே போய்ச் சாராயக் கடையில் வம்பு தேடினார். தாளில் பெரிய திறன். என் கதையில் அதன் மதிப்பு சைபர். கூடவே ஒன்று: எந்த இனத்துக்கும் அறிவில் மைனஸ் போடாதீர்கள். நம் ஊரில் அது விளையாட்டாக இருக்காது. 2024 பதிப்பில் இந்தக் கூட்டல்களையே இனத்திலிருந்து பிரித்து, கேரக்டரின் முந்தைய வாழ்க்கைக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த மூன்று ஞாயிறும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதில், காவலன், பூட்டு, பேரம் என்று ஒவ்வொரு தடையையும் யார் தீர்த்தார்களோ அவர் பெயரில் ஒரு கோடு. பாதிக்கு மேல் ஒருவர் பெயரிலேயே விழுந்தால் மறுபடி விதியைத் தொடுங்கள். அதற்கு முன்னால், கருடனாக ஆடுபவரைத் தனியாக டீக்கடைக்குக் கூட்டிப்போய்ப் புது விதியைச் சொல்லிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவில், எல்லோர் முன்னாலும் சிறகை வெட்டாதீர்கள். அவருக்குப் பிடிக்கவில்லையென்றால் வேறு இனத்துக்கு மாறிக்கொள்ளட்டும், சேர்த்த லெவல் அப்படியே இருக்கட்டும்.