ஹேமர் வந்தும் விலை இறங்கியது ஏன்?

கேள்வி: ஒரு பங்கின் தினசரி சார்ட்டில் ஹேமர் (விலை கீழே போய் மீண்டதைக் காட்டும் சுத்தியல் வடிவக் கேண்டில்) தெரிந்தது. ஆர்எஸ்ஐ (விலை நகர்வின் வேகத்தை 0 முதல் 100 வரை அளக்கும் குறியீடு) 30-க்குக் கீழே இருந்தது. மதியம் இரண்டரை மணிக்கு வாங்கினேன். மூன்றாம் நாளே லோவை உடைத்துவிட்டது. எங்கே தப்பு?
- ஈரோடு வாசகர்

பதில்: முதலில் நேரம். தினசரி கேண்டில், அதாவது அன்றைய ஓபன், ஹை, லோ, குளோஸ் நான்கையும் காட்டும் குறி, சந்தை முடியும்போதுதான் முடிகிறது. இரண்டரைக்கு ஹேமராக நிற்பது, கடைசி ஒரு மணி நேர விற்பனையில் முழுச் சிவப்பாகிவிடலாம்.

அடுத்தது, ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே போனாலே வாங்கலாம் என்று நினைப்பது. கடந்த 14 நாளில் விற்பனை எவ்வளவு வேகமாக நடந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. பலமான இறக்கத்தில் வாரக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பார்க்க வேண்டியது டைவர்ஜென்ஸ், அதாவது விலையும் ஆர்எஸ்ஐயும் எதிரெதிராகப் போவது. முதல் இறக்கத்தில் விலை 430-ல் முடிந்தபோது ஆர்எஸ்ஐ 26. கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கி 408-ல் முடிந்தபோது 33 என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை புதிய அடியைத் தொட்டும் ஆர்எஸ்ஐ தொடவில்லை; விற்பவர்களின் வேகம் குறைகிறது.

மறுநாள் ஓபன் 412, ஹை 415, லோ 396, குளோஸ் 414. உடல் (ஓபனுக்கும் குளோஸுக்கும் உள்ள இடைவெளி) 2 ரூபாய், கீழ் நிழல் (உடலுக்குக் கீழே லோ வரை) 16, மேல் நிழல் (உடலுக்கு மேலே ஹை வரை) 1. கீழ் நிழல் உடலைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இங்கே தாராளமாக இருக்கிறது. அந்த 396-க்குப் பக்கத்தில் பழைய சப்போர்ட்டும் (முன்பு விலை இறங்காமல் நின்ற இடம்) இருந்தால்தான் இதற்கு மதிப்பு. பக்கவாட்டில் நகரும் பங்கில் இப்படி எத்தனையோ கேண்டில் வரும், ஒன்றுக்கும் உதவாது. ஏற்றத்தின் உச்சியில் இதே வடிவம் வந்தால் அது ஹேங்கிங் மேன், எச்சரிக்கை.

அப்போதும் உடனே வாங்காதீர்கள். அடுத்த கேண்டில் 415-க்கு மேல் முடியட்டும். அதற்கடுத்த நாள் 418-ல் வாங்கினால் ஸ்டாப்லாஸ் (நஷ்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை) 395. பங்குக்கு 23 ரூபாய் ரிஸ்க். முதலீடு 2 லட்சம், ஒரு டிரேடில் 1 சதவீதம்தான் இழக்கலாம் என்றால் 2,000-ஐ 23-ஆல் வகுங்கள்: 86 பங்கு, அதற்கு மேல் வேண்டாம். காலையில் கேப் டவுனில் (முந்தைய நாள் விலையைவிட வெகுவாகக் கீழே) 388-ல் திறந்தால், லிமிட் விலையோடு (இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று) போட்ட ஸ்டாப்லாஸ் நிறைவேறாமல் நிற்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: ஆர்எஸ்ஐ, ஸ்டோகாஸ்டிக், எம்ஏசிடி ஆகிய மூன்று குறியீடுகளும் ஒன்றாக 'வாங்கு' என்றால் நம்பலாமா?
- திருநெல்வேலி வாசகர்

பதில்: மூன்றும் விலையிலிருந்தே பிறப்பவை. ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுவதுபோல்தான். எம்ஏசிடி 12, 26 நாள் சராசரிகளின் வித்தியாசம் என்பதால் திருப்பத்தைத் தாமதமாகத்தான் காட்டும். ஒன்றை வைத்துக்கொண்டு வால்யூமை (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையை) சேருங்கள். திருப்பக் கேண்டில் அன்று வால்யூம் 20 நாள் சராசரியைப் போல் ஒன்றரை மடங்காவது இருப்பது நல்லது. அதற்கும் குறைந்தால் நான் பொறுத்திருக்கவே சொல்வேன்.

கேள்வி: ஒரே நாளில் விலை பாதியாகி, ஆர்எஸ்ஐ அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. இப்போது வாங்கலாமா?
- மதுரை வாசகர்

பதில்: முதலில் அன்று போனஸ் (இலவசப் பங்கு) அல்லது ஸ்ப்ளிட் (பங்கைப் பிரிப்பது) எக்ஸ்-டேட் (அதற்கேற்ப விலை குறையும் நாள்) தானா என்று எக்ஸ்சேஞ்ச் தளத்தில் பாருங்கள். 1:1 போனஸில் (ஒரு பங்குக்கு ஒரு இலவசப் பங்கு) விலை ஏறக்குறைய பாதியாவது இயல்பு. பழைய விலைகளைச் சரிசெய்யாத சார்ட்டில் அது பெரிய வீழ்ச்சியாகத் தெரியும், ஆர்எஸ்ஐயும் கெட்டுப்போகும். அட்ஜஸ்டட் சார்ட்டுக்கு மாற்றிப் பார்த்தால் அந்தப் பள்ளமே இருக்காது.