தங்கைக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்றால் ஆச்சி என்ன செய்யலாம்?

கேள்வி காரைக்குடிப் பக்கத்திலிருந்து. தங்கை தன் ஈர்ப்பு பெண்கள் மீதுதான் என்று மணமான ஆச்சியிடம், அதாவது அக்காவிடம், மட்டும் சொல்லியிருக்கிறாள். வீட்டிலோ ஜாதகம் எடுத்தாயிற்று.

முதலில் வாயைக் கட்டுங்கள். "இவர்கிட்ட மட்டும்" என்று வீட்டுக்காரரிடம் சொல்வதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. முன்னோருக்குப் படைக்கும் அடுத்த படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது வீட்டு வளவு முழுக்க அதுதான் பேச்சாக இருக்கும். யாரிடம் எப்போது சொல்வது என்பது அவள் பாடு.

ஜாதகத்தைத் தோஷம் சொல்லித் தட்டாதீர்கள். பரிகாரம் என்று திருமணஞ்சேரிக்குக் கிளம்பிவிடுவார்கள். "மேல படிக்கிறா" என்பதும் ஒரு வருஷம்தான் தாங்கும். "அவளுக்குக் கல்யாணத்துல விருப்பமில்ல, ஜாதகத்தத் திருப்பி வாங்குங்க ஆத்தா" என்று அவளைக் கேட்டுக்கொண்டு நீங்களே சொல்லுங்கள், காரணம் வேண்டாம். கட்டிக்கொடுத்த மகள் சொன்னால் எடுபடும். "வந்து பாத்துட்டுப் போகட்டும்" என்பதற்கு மட்டும் இணங்காதீர்கள். பார்த்துவிட்டுப் போனபின் மறுத்தால் இரண்டு வீட்டு மானப் பிரச்சினையாகிவிடும்.

அவளுடைய பட்டச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம் எல்லாம் ஆத்தாவின் இரும்புப் பெட்டியில் இருந்தால் இப்போதே அவள் கைக்கு மாற்றுங்கள். விஷயம் வெடித்தபின் சாவி கிடைக்காது.

'மாற்றிவிடும்' டாக்டர் யாராவது கிளம்பினால்: அத்தகைய சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது, தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அதைத் தொழில் நடத்தை மீறலாக அறிவித்தது. அடைத்து வைத்தால், அவளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம், அவளுடைய துணையும் போடலாம். 2025 மே மாதம் அப்படி வந்த மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணை அவள் விருப்பப்படி போகவிட்டது.

சொத்துதான் யாரும் யோசிக்காத இடம். பெண்ணும் பெண்ணும் செய்யும் திருமணத்துக்கு இங்கே சட்ட ஏற்பு இல்லை. 2023இல் உச்ச நீதிமன்றமும் தரவில்லை. மணமாகாத இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சம்பாதித்தது பெற்றோருக்கு, அவர்கள் இல்லையென்றால் தகப்பனாரின் வாரிசுகளுக்கு, அதாவது உங்களுக்கும்தான். கூட வாழ்ந்தவளுக்கு ஒன்றுமில்லை. உயிலுக்கு இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது. ஒரு சாட்சியாக நீங்கள் கையெழுத்துப் போட்டால் பின்னால் வழக்குப் போட நினைப்பவர்கள் யோசிப்பார்கள்.

தங்கையின் துணை விசேஷத்துக்கு வந்தால் முகப்பிலேயே உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடாதீர்கள். பந்தியில் தங்கைக்குப் பக்கத்தில் இலை போடுங்கள். யாராவது கேட்டால் பெயரை மட்டும் சொல்லுங்கள்.