யூடியூபில் நேரலை முடக்கப்பட்டால் எப்போது திரும்பக் கிடைக்கும்?

நேரலை முடங்க ஒரு காரணம் ஸ்ட்ரைக், அதாவது யூடியூப் விதியை மீறினால் சேனலுக்கு விழும் தண்டனைக் குறி. முதல் தவறுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். அடுத்தது முதல் ஸ்ட்ரைக்: 1 வாரம் நேரலையும் இல்லை, வீடியோ பதிவேற்றமும் இல்லை. 90 நாளுக்குள் இரண்டாவது வந்தால் 2 வாரம். அதே 90 நாளுக்குள் மூன்றாவதும் வந்தால் சேனலே போய்விடும்.

காப்புரிமைப் புகாராலும் நேரலை நிற்கும். சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு தைப்பூச நேரலையில் பின்னணியில் ஒலிக்கும் சினிமாப் பாட்டுகூட வம்பை இழுக்கலாம்!

முதலில் யூடியூப் ஸ்டூடியோவில் காரணத்தைப் பாருங்கள். தவறு உங்களுடையது இல்லையென்றால் அங்கேயே மேல்முறையீடு செய்யலாம். இல்லையேல் காத்திருக்க வேண்டியதுதான். தடைக்காலம் முடிந்ததும் வசதி தானாகத் திரும்பும். ஆனால் ஸ்ட்ரைக் 90 நாள் இருக்கும். சிங்கப்பூரில் போக்குவரத்து அபராதத்தைக் கட்டினாலும் குற்றப்புள்ளி உடனே மறையாதே, அதுபோல.

வீடியோவை அழித்தால் ஸ்ட்ரைக் நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், நீங்காது. தடைக்காலத்தில் வேறு சேனலில் நேரலை போவதும் விதிமீறலே.